முற்றிய புற்றுநோய்க்கான சிகிச்சை ஆலோசனைப் பிரிவு: நாலு நட்சத்திரம், ஏன் என்றால்...

புற்றுநோய் மருத்துவமனைகளுக்கு எழுதப்படும் ரிவ்யூக்களில் பார்க்கிங் பற்றி இருக்கும், காத்திருக்கும் இடத்தில் நாற்காலி போதவில்லை என்று இருக்கும், "டாக்டர் ரொம்ப அன்பா பேசினார்" என்று இருக்கும். நோய் முற்றியவர்களோடு உட்கார்ந்து, இந்த மருந்து உங்களுக்கு வேண்டுமா, இதனால் என்ன கிடைத்தால் உங்களுக்கு லாபம் என்று பேசுவதற்கென்றே சில இடங்களில் ஒரு பிரிவு வைத்திருக்கிறார்கள். அதைப் பற்றி மட்டும் யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. நான் அப்படி ஒன்றுக்குப் போய்வருகிறவள். பெயரைப் போடவில்லை. குறையும் சொல்லப் போகிறேன், என் சிகிச்சையும் இன்னும் அங்கேதான் நடக்கிறது, அதனால்.

எனக்குப் பெருங்குடலில் வந்தது. கண்டுபிடிக்கும்போதே கல்லீரலில் பல இடங்களுக்குப் பரவியிருந்தது, அறுவை சிகிச்சைக்கு வழியில்லை. குணப்படுத்த முடியாது, கட்டுப்படுத்தலாம் என்கிற வகை. தொழில் தையல். தொழிலை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் புரியும்.

பிரிவு எப்படி நடக்கிறது என்றால்: ஒரு பாலியேட்டிவ் கேர் (வலியையும் தொந்தரவையும் தணித்து நிம்மதியாக இருக்க உதவும் சிகிச்சை) டாக்டர், கீமோ வார்டில் பல வருஷம் இருந்த ஒரு நர்ஸ், தேவைப்பட்டால் ஒரு மனநல ஆலோசகர். ஒரு மருந்து வேலை செய்வதை நிறுத்தி அடுத்ததற்கு மாற வேண்டிய கட்டம் வந்தால், ஆன்காலஜிஸ்ட் (புற்றுநோய் டாக்டர்) சீட்டு எழுதுவதற்கு முன்னால் இவர்களைப் பார்க்கலாம். முக்கால் மணி நேரம் தருகிறார்கள். ஓ.பி.யில் கிடைக்கிற ஐந்து நிமிஷத்தோடு ஒப்பிட்டால் இது ஒரு யுகம். மருந்து எழுதும் அதிகாரம் ஆன்காலஜிஸ்டிடம்தான், ஆனால் இவர்கள் எழுதி அனுப்பும் ஒரு பக்கக் குறிப்பை அவர் படித்துவிட்டுத்தான் பேசுகிறார். என் விஷயத்தில் படித்திருந்தார் என்பது அவர் கேட்ட முதல் கேள்வியிலேயே தெரிந்தது.

இங்கே வருவதற்கு முன்னால் என் சிகிச்சையின் லாப நஷ்டம் எல்லாம் சதவீதத்தில்தான் வந்துகொண்டிருந்தது. "கட்டி 34 சதவீதம் சுருங்கியிருக்கு, சூப்பர்" என்பார்கள். வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம், எனக்கும்தான். அந்த சதவீதத்துக்குப் பின்னால் ஒரு விதிமுறை இருக்கிறது. ஸ்கேனில் தேர்ந்தெடுத்த கட்டிகளின் நீளங்களைக் கூட்டுகிறார்கள். 30 சதவீதமாவது குறைந்தால் மருந்துக்குப் பலன் இருக்கிறது, இதுவரை பார்த்த மிகச் சிறிய அளவிலிருந்து 20 சதவீதம் கூடினால் நோய் முன்னேறிவிட்டது, இரண்டுக்கும் நடுவில் இருந்தால் 'நிலையாக இருக்கிறது'. மருந்துகளை ஒப்பிட ஆராய்ச்சியாளர்களுக்கு இந்த மாதிரி ஒரு பொது அளவுகோல் வேண்டும், சரி. ஆனால் 34 சதவீதம் சுருங்கிய அந்த மாதத்தில்தான் எனக்கு ஊசியில் நூல் கோக்க வராமல் போனது. ஸ்கேன் ரிப்போர்ட்டில் அதற்கு ஒரு கட்டம் கிடையாது.

எனக்கு முதலில் கொடுத்தது ஆக்ஸாலிப்ளாட்டின் சேர்ந்த கூட்டு மருந்து. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை மருத்துவமனையில் ட்ரிப் ஏற்றி, மிச்ச மருந்தை ஒரு சின்ன பம்பில் அடைத்து, மார்பில் தோலுக்கடியில் பதித்த மருந்து ஏற்றும் வாயோடு (போர்ட்) இணைத்து வீட்டுக்கு அனுப்புவார்கள், அது 46 மணி நேரம் சொட்டிக்கொண்டிருக்கும். ஆக்ஸாலிப்ளாட்டினின் குணம் குளிர். ஏற்றிய சில நாட்களுக்குக் குளிர்ந்த எதைத் தொட்டாலும் விரலில் ஷாக் அடிக்கும், குளிர்ந்த தண்ணீர் குடித்தால் தொண்டை இறுகும். இதை முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள், ஃபிரிட்ஜைத் திறக்காதீர்கள் என்று. கத்திரியைப் பற்றி யாரும் சொல்லவில்லை. காலையில் கத்திரியின் இரும்புப் பிடிக்குள் விரலை விட்டால் முழங்கை வரை சுரீர் என்று ஏறும். துணி சுற்றி வைத்துக்கொண்டு வெட்டினேன். அது பரவாயில்லை, நாலைந்து நாளில் போய்விடும். போகாமல் தங்கியது மரத்துப்போவது. ஊசி விரல்களுக்கு நடுவில் இருக்கிறதா, விழுந்துவிட்டதா என்று கண்ணால் பார்த்தால்தான் தெரியும். காஜா எடுக்கும்போது விரலில் குத்திக்கொண்டதே தெரியாமல் தைத்துக்கொண்டே போயிருக்கிறேன், வெள்ளைத் துணியில் பொட்டுப் பொட்டாக ரத்தம் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

ஓ.பி.யில் சொன்னேன். "மரத்துப் போகும்தான், கட்டி நல்லா சுருங்குதே, இன்னும் கொஞ்சம் ஓட்டலாம்" என்று பதில் வந்தது. டாக்டரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை, அவர் பார்வையில் மருந்து ஜெயித்துக்கொண்டிருந்தது. கீமோ வார்டில் ஒரு சிஸ்டர் என் கையைப் பார்த்துவிட்டுத்தான் இந்தப் பிரிவுக்குச் சீட்டு வாங்கிக் கொடுத்தார்.

முதல் சந்திப்பில் நான் எதிர்பார்த்தது இன்னொரு ஆறுதல் பேச்சு. அவர்கள் கேட்டது வேறு. "ஒரு நாள் நல்லா போச்சுன்னு எதை வச்சு சொல்லுவீங்க?" "எது போனா, இதுக்கு மேல மருந்து வேண்டாம்னு தோணும்?" "எதுக்காக என்ன கஷ்டம் வந்தாலும் தாங்கிக்கலாம்னு இருக்கீங்க?" முதல் கேள்விக்கே எனக்குப் பதில் வரவில்லை, ஏனென்றால் நோய் வந்ததிலிருந்து இதை யாரும் கேட்கவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, காலையில் இரண்டு மூன்று மணி நேரம் மெஷின் முன்னால் உட்கார முடிந்தால் அது நல்ல நாள் என்றேன். நர்ஸ் அதை அப்படியே எழுதிக்கொண்டார். பிறகு விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார், சட்டைப் பட்டன் ஒன்றைப் போட்டுக் காட்டச் சொன்னார். எவ்வளவு நேரம் ஆனது என்று எல்லாருமே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அன்று அவர்கள் சொன்ன யோசனை ஆக்ஸாலிப்ளாட்டினை மட்டும் நிறுத்திவிட்டு மற்றதைத் தொடரலாம் என்பது. இது அவர்களாகக் கண்டுபிடித்த சலுகை ஒன்றும் இல்லை. ஆக்ஸாலிப்ளாட்டினை ஆறு சுற்றுக்குப் பிறகு நிறுத்தி, மீதியைத் தொடர்ந்து, தேவைப்படும்போது திரும்பச் சேர்க்கிற முறையை விடாமல் கொடுக்கிற முறையோடு ஒப்பிட்ட ஆப்டிமாக்ஸ் ஆய்வு 2006-லேயே வந்துவிட்டது. ஆயுளில் பெரிய வித்தியாசம் இல்லை, நரம்புப் பாதிப்பு குறைவு. அப்படியென்றால் என் விரல்களை ஏன் இவ்வளவு தூரம் போகவிட்டார்கள்? இதுதான் என் முதல் குறை, சேவையின் மீது அல்ல, சேவைக்கு அனுப்பும் நேரத்தின் மீது. துணியை வெட்டிவிட்டு அளவு எடுப்பது போலத்தான் பெரும்பாலானவர்களை இங்கே அனுப்புகிறார்கள். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இது எல்லாருக்கும் பயன்படும்: இந்த மருந்தை நிறுத்திய பிறகும் சில மாதங்களுக்கு மரப்பு கூடிக்கொண்டே போகலாம். நிறுத்தினால் மறுநாளே சரியாகும் என்று நினைத்துக் கடைசி வரை இழுக்காதீர்கள்.

அடுத்து எண்கள். "எத்தனை மாசம்?" என்ற கேள்வியை இவர்கள் கையாளும் விதத்துக்காகவே தனியாக ஒரு நட்சத்திரம் கொடுப்பேன். முதலில், தெரிந்துகொள்ள விருப்பமா என்று கேட்கிறார்கள். விருப்பம் என்றால் ஒற்றை எண் சொல்வதில்லை. ஒரு காகிதத்தில் கோடு போட்டு மூன்றாகப் பிரித்துக் காட்டுகிறார்கள். உதாரணத்துக்கு, ஒரு மருந்தின் ஆய்வில் பாதிப் பேர் 12 மாதத்துக்கு மேல் இருந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்த 12-ஐ ஒரு பக்கம் பாதியாக்கி, இன்னொரு பக்கம் இரட்டிப்பாக்கினால் 6 முதல் 24 மாதம், சுமார் பாதிப் பேர் அதற்குள் வருவார்கள். பத்தில் ஒருவர் கால் பங்கான 3 மாதத்தையே தாண்டமாட்டார். பத்தில் ஒருவர் மூன்று மடங்கான 36 மாதத்தையும் தாண்டிவிடுவார். ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் பல ஆய்வுகளின் முடிவுகளை வைத்துக் கொண்டுவந்த கணக்கு இது. ஒற்றை எண் சொன்னால் அது காலண்டரில் வட்டம் போட்ட தேதி ஆகிவிடும், வீட்டில் எல்லாரும் அதையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இந்த இடத்தில் பலரும் ஸ்டீஃபன் ஜே கூல்டை இழுப்பார்கள். பரிணாம உயிரியலாளர். 1982-இல் மீசோதெலியோமா (உள்ளுறுப்புகளைச் சுற்றிய சவ்வில் வரும் அரிய புற்றுநோய்) என்று தெரிந்தபோது, பாதிப் பேர் 8 மாதத்துக்குள் போய்விடுகிற நோய் அது. அவர் இன்னும் 20 வருஷம் இருந்து 2002-இல் வேறொரு புற்றுநோயால் இறந்தார். நல்ல கதை, உண்மைக் கதை. ஆனால் கோட்டின் வலது கோடியை மட்டும் காட்டி அனுப்புகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. என் டாக்டர் மூன்று பகுதிக்கும் ஒரே மாதிரி நேரம் எடுத்துக்கொண்டு பேசினார். இடது பக்கத்துப் பத்தில் ஒருவராக நான் இருந்தால் என்னென்ன வேலை முடித்துவைக்க வேண்டும் என்று கேட்டார், மெஷினை யாருக்குக் கொடுப்பது என்பது வரை.

சுற்றியிருப்பவர்கள் விஷயம் வேறு. "எனக்கெல்லாம் வந்தா கீமோவே எடுக்க மாட்டேன், நிம்மதியா இருந்துட்டுப் போயிடுவேன்" என்று என்னைப் பார்க்க வந்தவர்கள் நிறையப் பேர் சொல்லியிருக்கிறார்கள், அதுவும் என் எதிரிலேயே. ஆரோக்கியமாக இருக்கும்போது அப்படித்தான் தோன்றும். 1990-இல் பிரிட்டனில் புற்றுநோயாளிகளிடமும் டாக்டர், நர்ஸ், பொதுமக்களிடமும் ஒரே கேள்வியைக் கேட்டுப் பார்த்தார்கள், எவ்வளவு சின்னப் பலனுக்காகக் கடுமையான கீமோவை ஏற்றுக்கொள்வீர்கள் என்று. மற்ற யாரையும்விட மிகச் சிறிய பலனுக்கே நோயாளிகள் சரி என்றார்கள். இந்தப் பக்கம் வந்து படுத்த பிறகு ஒரு மாதத்தின் விலை மாறிவிடுகிறது.

ஆனால் நோயாளிகள் எல்லாரும் ஒரே மாதிரியும் இல்லை. 1998-இல் வெளியான ஓர் ஆய்வில், நுரையீரல் புற்றுநோய் முற்றி ஏற்கெனவே கீமோ எடுத்து அனுபவப்பட்ட 81 பேரிடம் கேட்டார்கள். சிலர் ஒரு வாரம் கூடினால்கூடக் கீமோ எடுப்பேன் என்றார்கள். சிலர் 24 மாதம் கூடினாலும் வேண்டாம் என்றார்கள். மூன்று மாதம் ஆயுள் கூடும் என்பதற்காக மட்டும் கீமோவைத் தேர்ந்தெடுத்தவர்கள் 22 சதவீதம். ஆயுள் கூடாவிட்டாலும் மூச்சுத்திணறல், வலி போன்ற தொந்தரவு நன்றாகக் குறையும் என்றால் எடுப்பேன் என்றவர்கள் 68 சதவீதம். இதை டாக்டர் எனக்குச் சொன்னபோது பெரிய பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. நான் விரலைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பதை வீட்டில் ஒரு மாதிரி பார்த்தார்கள், உயிரா விரலா என்று.

காத்திருக்கும் அறையில் ஒரு பெரியவரோடு பழக்கமானேன், கணையத்தில் வந்தவர். அவர் எனக்கு நேர் எதிர். என்ன மருந்து, என்ன பக்கவிளைவு என்றாலும் சரி, நாள் கூடினால் போதும். கணையப் புற்றுநோய்க்கு ஜெம்சிட்டபைனோடு எர்லோடினிப் சேர்த்த மருந்துக்கு 2005-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தபோது, ஆய்வில் ஆயுளில் வந்த வித்தியாசம் 5.91 மாதத்துக்கும் 6.24 மாதத்துக்கும் உள்ளது. பத்து நாள். இதற்கா ஒரு மருந்து என்று அப்போதிலிருந்து கேலி செய்கிறார்கள். பெரியவரிடம் இதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "பத்து நாள்ல எனக்கு ஒரு வேலை இருக்கும்மா" என்றார். என்ன வேலை என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவருக்கு அந்தப் பத்து நாளை இல்லை என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை, ஆனால் அது பத்து நாள்தான் என்று தெரிந்து அவர் கேட்க வேண்டும். இந்தப் பிரிவு அவரிடமும் அதைத்தான் செய்தது என்று நினைக்கிறேன்.

சராசரியைப் பார்க்காமல், கொஞ்சப் பேருக்கு மட்டும் கிடைக்கிற பெரிய பலனைப் பார்த்து முடிவெடுப்பவர்களும் உண்டு. பரவிய மெலனோமாவுக்கு (ஒரு வகைத் தோல் புற்றுநோய்) இபிலிமுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்து, அதாவது உடம்பின் சொந்த எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடும் மருந்து, எடுத்தவர்களில் சுமார் ஐந்தில் ஒருவர் மூன்று வருஷத்தையும் தாண்டி இருக்கிறார், அதன் பிறகு, எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்று காட்டும் கோடு பெரிதாக இறங்குவதே இல்லை. சராசரி ஒன்றாகவே இருந்தாலும் இப்படி ஒரு நீண்ட வால் உள்ள மருந்தைத்தான் பெரும்பாலான நோயாளிகள் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று 2012-இல் ஓர் அமெரிக்க ஆய்வு சொன்னது. இதை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. எனக்கு அந்த வாய்ப்பு இல்லை, இம்யூனோதெரபி நன்றாக வேலை செய்கிற வகை, பரவிய குடல் புற்றுநோயில் இருபதில் ஒருவருக்குப் போலத்தான் இருக்கும், என் கட்டி அந்த வகை இல்லை என்று பரிசோதனை சொல்லிவிட்டது. அந்தக் கதவு மூடியிருப்பதை மழுப்பாமல் சொன்னார்கள். அன்று ராத்திரி தூங்கவில்லை, ஆனால் அடுத்த முறை வேறு எதையாவது பேச முடிந்தது.

இப்போது நான் இருக்கும் கட்டம் மூன்றாவது மருந்து. டிரைஃப்ளூரிடின்-டிப்ராசில் மாத்திரை, கூடவே இரண்டு வாரத்துக்கு ஒரு முறை பெவாசிசுமாப் ட்ரிப். மாத்திரையை மட்டும் வெற்று மாத்திரையோடு ஒப்பிட்ட 2015 ஆய்வில் ஆயுள் 5.3 மாதத்திலிருந்து 7.1 ஆனது. பெவாசிசுமாப் சேர்த்துப் பார்த்த 2023 ஆய்வில், மாத்திரை மட்டும் எடுத்தவர்களுக்கு 7.5, இரண்டும் எடுத்தவர்களுக்கு 10.8. ஆன்காலஜிஸ்ட் இந்த எண்களோடு நிறுத்தினார். ஆலோசனைப் பிரிவில் டாக்டர், "நீங்க கேட்டது இது இல்லையே" என்று சொல்லி அதே ஆய்விலிருந்து இன்னொரு எண்ணை எடுத்தார். நோயாளி எவ்வளவு நடமாட்டமாக இருக்கிறார் என்பதற்கு டாக்டர்கள் 0 முதல் ஒரு மதிப்பெண் போடுவார்கள். 0 என்றால் வழக்கம்போல, 1 என்றால் கடினமான வேலை முடியாது ஆனால் உட்கார்ந்து செய்யும் வேலை முடியும், 2 என்றால் தன்னைப் பார்த்துக்கொள்ள முடியும் ஆனால் வேலை எதுவும் செய்ய முடியாது. அந்த 2-க்கோ அதற்கும் கீழான நிலைக்கோ போவதற்கு எவ்வளவு காலம் ஆனது என்று பார்த்தால், மாத்திரை மட்டும் எடுத்தவர்களுக்கு 6.3 மாதம், சேர்த்து எடுத்தவர்களுக்கு 9.3.

முதல் சந்திப்பில் நான் சொன்ன அந்த 'காலையில் மெஷின் முன்னால்' என்பதற்கு, ஆய்வுக் காகிதத்தில் இவ்வளவு பக்கத்தில் ஒரு எண் இருக்கிறது! அதை எடுத்துக் காட்ட ஒரு ஆள் வேண்டியிருந்தது. நான் சரி என்றேன். இதுவும் என் விரல்களைத் திருப்பித் தராது, ரத்தத்தில் வெள்ளை அணுக்களை இறக்கும், களைப்பு உண்டு. ஆனால் ஆக்ஸாலிப்ளாட்டின் மாதிரி நரம்பில் கை வைக்கிற மருந்து இல்லை. இப்போது காஜா எடுப்பதில்லை, மெஷின் வேலை மட்டும்.

அதே சந்திப்பில் வேண்டாம் என்று நான் ஒதுக்கியது ரெகோராஃபெனிப். ஆய்வில் 5.0 மாதத்தை 6.4 ஆக்கிய மாத்திரை, கை கால் தோல் உரிந்து புண்ணாகும் வாய்ப்பு அதிகம். எனக்குக் கை என்றாலே வேண்டாம். எடுப்பவர்களுக்கு ஒரு தகவல்: முழு அளவான 160 மில்லிகிராமில் தொடங்காமல் 80-இல் தொடங்கி வாரம் வாரம் ஏற்றிக்கொண்டு போனவர்களில் 43 சதவீதம் பேர் மூன்றாவது சுற்று வரை போனார்கள், முழு அளவில் தொடங்கியவர்களில் 26 சதவீதம்தான். குறைந்த அளவில் தொடங்கலாமா என்று கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

சரி, குறைகள். அனுப்பும் நேரத்தைப் பற்றிச் சொல்லிவிட்டேன், அது பெரியது. நுரையீரல் புற்றுநோய் பரவிய 151 பேரை வைத்து நடந்த 2010 ஆய்வில், ஆரம்பத்திலிருந்தே பாலியேட்டிவ் குழுவையும் பார்த்தவர்கள் நல்ல மனநிலையோடு இருந்தார்கள், கடைசிக் காலத்தில் கடுமையான சிகிச்சை குறைவாக எடுத்தார்கள், ஆயுளும் 8.9-க்குப் பதில் 11.6 மாதம். இவ்வளவு தெரிந்த பிறகும் 'இன்னும் அந்த ஸ்டேஜ் வரலியே' என்று தள்ளிப்போடுவது புரியவில்லை. கதவில் 'பாலியேட்டிவ்' என்று இருக்கும் பெயர்ப்பலகையும் ஒரு காரணம், என் வீட்டுக்காரர் முதல் நாள் அதைப் பார்த்துவிட்டு உள்ளே வரவே மாட்டேன் என்றார்.

இரண்டாவது, குடும்பத்தாரிடம் தனியாகப் பேசும் பழக்கம். என் தம்பி என்னைவிட முன்னால் உள்ளே போய், "அக்காகிட்ட எல்லாத்தையும் சொல்லிடாதீங்க" என்று கேட்டிருக்கிறான். நல்லெண்ணம்தான். அவர்கள் அதற்கு ஒப்புக்கொள்ளவில்லை என்றாலும், என்னைக் கேட்காமல் அவனை உட்கார வைத்துப் பேசியதே தப்பு. சொல்லிவிட்டேன். அதற்கப்புறம் அப்படி நடக்கவில்லை.

மூன்றாவது, காத்திருப்பு. முக்கால் மணி நேரப் பேச்சுக்கு அரை நாள் போகிறது. ரத்தப் பரிசோதனை ஒரு கட்டிடம், ரிப்போர்ட் இன்னொரு கட்டிடம், டோக்கன் மூன்றாவது இடம். மருந்து கூட்டித் தருகிற நாட்களில் எத்தனை மருத்துவமனையிலேயே கழிகிறது என்பதையும் பக்கவிளைவாகக் கணக்கில் எடுக்க வேண்டும் என்று சில ஆண்டுகளாக டாக்டர்களே எழுதுகிறார்கள். நாளை எண்ணி எண்ணிப் பேசும் ஒரு பிரிவு, வருகிறவர்களை இப்படி உட்கார வைக்கலாமா? ஒரே நாளில் ட்ரிப்பையும் சந்திப்பையும் சேர்த்துப் போடச் சொல்லிக் கேட்டால் செய்கிறார்கள், கேட்காவிட்டால் செய்வதில்லை.

படிவமும் ஒரு தலைவலி. ஒவ்வொரு முறையும் முப்பது கேள்வி, வாந்தி, தூக்கம், பசி, படியேற முடிகிறதா. நிரப்பிக் கொடுத்தால் யாராவது பார்க்கிறார்களா என்று எனக்குச் சந்தேகம் இருந்தது. நோயாளிகள் தங்கள் தொந்தரவுகளை டேப்லட்டில் பதிவு செய்து, அதைப் பார்த்து நர்ஸ்கள் உடனே நடவடிக்கை எடுத்த ஓர் ஆய்வில், 2017-இல் வந்தது, வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களின் 26 மாத ஆயுள் இவர்களுக்கு 31.2 ஆனது. நடுவே ஒரு புது மருந்தே இல்லை. எனவே படிவம் வேண்டாம் என்று சொல்லவில்லை, பாருங்கள் என்கிறேன். ஒருமுறை 'வேலை செய்ய முடிகிறதா' என்ற கேள்விக்குப் பக்கத்தில் "கேட்டதற்கு நன்றி, யாராவது படித்தால் சொல்லவும்" என்று எழுதி வைத்தேன். யாரும் சொல்லவில்லை.

நட்சத்திரத்தைப் பற்றியே ஒரு வார்த்தை, ஏனென்றால் இந்த மாதிரி இடங்களுக்கு ஐந்து நட்சத்திரம் விழுந்திருந்தால் நான் கொஞ்சம் யோசிப்பேன். 2012-இல் அமெரிக்காவில், பரவிய நுரையீரல், குடல் புற்றுநோய்களுக்குக் கீமோ எடுத்துக்கொண்டிருந்த 1193 பேரிடம் கேட்டார்கள். குடல் புற்றுநோய்க்காரர்களில் 81 சதவீதம் பேருக்கு, இந்தக் கீமோ தங்களைக் குணப்படுத்தப்போவதில்லை என்பது புரிந்திருக்கவில்லை. அதைவிட, 'என் டாக்டர் நன்றாக விளக்குகிறார்' என்று உயர்ந்த மதிப்பெண் கொடுத்தவர்களிடம்தான் இந்தத் தவறான புரிதல் அதிகமாக இருந்தது. இனிக்கப் பேசியவருக்கு மார்க் விழுகிறது. இந்தப் பிரிவில் நான் இரண்டு முறை அழுதுகொண்டு வெளியே வந்திருக்கிறேன், அந்த இரண்டு சந்திப்புகளும்தான் எனக்கு அதிகம் உதவியவை. வெளியே வந்த கையோடு நட்சத்திரம் போடச் சொல்லியிருந்தால் ஒன்றுதான் போட்டிருப்பேன்.

போகிறவர்களுக்கு: சீட்டு கொடுக்கும் வரை காத்திருக்காதீர்கள், நீங்களே ஆன்காலஜிஸ்டிடம் கேளுங்கள், முதல் மருந்து தொடங்கும்போதே. போகும்போது உங்கள் நல்ல நாள் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொண்டு போங்கள், தோட்ட வேலையோ, பேரப்பிள்ளையைத் தூக்குவதோ, சும்மா வலியில்லாமல் படுத்திருப்பதோ, எதுவானாலும் சரி, வெட்கப்படாமல் சொல்லுங்கள், இந்த மருந்து அதைக் கூட்டுமா குறைக்குமா என்று கேளுங்கள். நாட்கள்தான் முக்கியம் என்றால் அதையும் தைரியமாகச் சொல்லுங்கள், அங்கே யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். மூன்று மாதம் கழித்து உங்கள் பதில் மாறினாலும் மாற்றி எழுதிக்கொள்வார்கள். என்னுடையதை ஒருமுறை மாற்றியிருக்கிறார்கள்.

கடைசிக் குறை, நட்சத்திரம் குறைந்ததற்கு நேரடிக் காரணம்: அவசரத்துக்கு என்று ஒரு தொலைபேசி எண் கொடுத்திருக்கிறார்கள். வெள்ளை அணு குறைந்திருக்கும்போது 38 டிகிரி காய்ச்சல் வந்தால் உடனே கூப்பிட வேண்டும் என்று அவர்களே சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது, மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. நேராக அவசரப் பிரிவுக்குப் போய்ச் சமாளித்தோம். அந்த எண்ணை ஞாயிற்றுக்கிழமையும் எடுக்கத் தொடங்கினால் இந்த ரிவ்யூவில் அரை நட்சத்திரம் கூட்டிவிடுகிறேன். மீதி அரையை டோக்கன் கவுன்டர் பார்த்துக்கொள்ளட்டும்.